ஜெனிஃபர் என்ற பெயரை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது அந்த சினிமாதானா?

கொட்டாரத்தான் | சனி, இரவு 9:40

வணக்கம் மக்களே. சித்தப்பா வீட்டில் சாப்பாட்டுக்கு நடுவே கிளம்பிய வாக்குவாதம் ஒன்று, அங்கே தீரவில்லை. இங்கே கொண்டுவந்துவிட்டேன். ஜெனிஃபர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது, எப்படி இவ்வளவு பரவியது?

என் கட்சி இது. 1970 டிசம்பரில் 'லவ் ஸ்டோரி' படம் வந்தது. பணக்கார வீட்டுப் பையன், ரொட்டிக்கடைக்காரர் மகள், எதிர்ப்பை மீறிக் கல்யாணம், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு நோய், சாவு. அவள் பெயர் ஜென்னி, முழுப்பெயர் ஜெனிஃபர். ஊரே தியேட்டரில் உட்கார்ந்து அழுதது. அதே 1970இல் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களில் ஜெனிஃபர் முதலிடத்துக்கு வந்தது. 1984 வரை, 15 வருடம், அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சித்தப்பா மட்டும் "அது பைபிள் பெயர்டா" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பாளை பீட்டர் | சனி, இரவு 9:52

யோவ், படம் பார்க்காதவன் நான் ஒருத்தன் இருக்கிறேன். கடைசியில் அவள் சாகிறாள் என்று போட்டு உடைத்துவிட்டீரே.

கொட்டாரத்தான் | சனி, இரவு 9:55

படத்தின் முதல் வசனமே அவள் செத்துப்போனாள் என்பதுதான் ஐயா. நான் எதையும் உடைக்கவில்லை.

எண்கணக்கன் | சனி, இரவு 10:31

பைபிளில் கிடையாது, அந்த அளவில் உங்கள் பக்கம். சினிமா விஷயத்தில் உங்களுக்குக் காலண்டரே எதிரி.

படம் திரைக்கு வந்தது 1970 டிசம்பர் நடுவில். வருடம் முடிய இரண்டே வாரம். 1970 கணக்கில் இருக்கும் ஜெனிஃபர்கள் ஏறத்தாழ 46 ஆயிரம் பேர். ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர், டிசம்பரில் வரப்போகும் படத்தைப் பார்த்தா பெயர் வைத்தார்கள்? அதற்கு முந்தைய வருடத்தைப் பாருங்கள். 1969இல் ஜெனிஃபர் ஏற்கெனவே 3ஆம் இடம், 33 ஆயிரத்துக்கு மேல். முன்னால் லிசாவும் மிஷெலும் மட்டும். லிசா 1962 முதல் 1969 வரை எட்டு வருடம் முதலிடத்தில் இருந்து களைத்துப்போயிருந்தது. படம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ராணி யார் என்பது முடிவாகிவிட்டிருந்தது.

இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், குழந்தைகளுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்டு வரும் விண்ணப்பங்களை வைத்து 1880 முதலான பெயர்ப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. இதைத் தொடங்கியவர் மைக்கேல் ஷாக்கில்ஃபோர்ட் என்று அங்கே ஆக்சுவரியாக, அதாவது காப்பீட்டுக் கணக்கு வல்லுநராக, வேலை பார்த்தவர். அவர் காலத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு மைக்கேல். தன் பிள்ளைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று, எந்தெந்தப் பெயர் அதிகம் புழங்குகிறது என்று பார்க்க ஒரு புரோகிராம் எழுதினார். 1997 வாக்கில் அது வலையில் ஏறியது. மனிதர் அப்புறம் சூதாட்டக் கணக்கு எழுதிப் பிரபலமானார், அது வேறு கதை.

கொட்டாரத்தான் | ஞாயிறு, காலை 7:15

கணக்கண்ணா, நீங்கள் படத்தை மட்டும் பார்க்கிறீர்கள். புத்தகத்தை விட்டுவிட்டீர்கள். அதே கதை நாவலாக 1970 பிப்ரவரி 14இல், காதலர் தினத்தன்று, கடைக்கு வந்தது. திரைக்கதையை எழுதியவரே படத்துக்கு விளம்பரமாக அதை நாவலாக எழுதிக்கொடுத்தார். வந்த வேகத்தில் விற்பனையில் முதலிடம். ஆக, 1970இல் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெயர் வைக்கும்போது அம்மா கையில் அந்தப் புத்தகம் இருந்திருக்கலாம். இப்போது சொல்லுங்கள்.

எண்கணக்கன் | ஞாயிறு, காலை 8:02

புத்தகம் பிப்ரவரியில் வந்தது சரி. 1969இல் பிறந்த 33 ஆயிரம் பேருக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்?

இந்தப் பெயர் அமெரிக்காவின் முதல் ஆயிரம் பெயர்களுக்குள் நுழைந்ததே 1938இல்தான். அதற்கு முன்னால் அங்கே கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். 40களில் மெல்ல ஏறியது, 50களில் இன்னும் கொஞ்சம், 60களில் குதிரைப் பாய்ச்சல். முப்பது வருட ஏற்றம் அது. அதன் கடைசிப் படியில் வந்து நின்றுகொண்டு ஒரு நாவல், "நான்தான் ஏற்றிவிட்டேன்" என்று சொன்னால் எப்படி?

செல்வி டீச்சர் | ஞாயிறு, காலை 11:20

இரண்டு பேரும் 1970ஐயே இழுத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பெயருக்கு வயது அதைவிட எத்தனையோ நூறு வருடம் அதிகம். ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஜெனிஃபர் வேறு யாருமில்லை, பிரிட்டன் பழங்கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவின் ராணி கினிவியர்தான். வேர் வெல்ஷ் மொழியில் இருக்கிறது: குவென்ஹுயிவர். முன்பாதி 'குவென்' என்றால் வெள்ளை, அழகு, தூய்மை. குவெண்டலின், குவினெத் என்றெல்லாம் வரும் பெயர்களில் இருப்பதும் அதுதான். பின்பாதிக்கு மென்மை என்று சிலர் பொருள் சொல்வார்கள். ஆவி, மாய உரு என்று சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அயர்லாந்துக் கதைகளில் மேவ் ராணியின் மகள் ஃபின்டபேர் என்று ஒருத்தி உண்டு. அதுவும் இதே பெயரின் ஐரிஷ் உடன்பிறப்பு. பதிவு எழுதும் வலைத்தளங்கள் 'வெள்ளை அலை' என்று ஒரு பொருளைச் சொல்லிக்கொண்டு திரிகின்றன, அதை நம்ப வேண்டாம்.

1136 வாக்கில் மான்மத்தின் ஜெஃப்ரி என்பவர் ஆர்தர் கதையை லத்தீனில் எழுதியபோது இவள் குவான்ஹுமாரா ஆனாள். பிரெஞ்சில் கெனியேவ்ர், இத்தாலியில் ஜினெவ்ரா. லியோனார்டோ டா வின்சி இளைஞராக இருந்தபோது வரைந்த ஜினெவ்ரா தே பென்சியின் ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் முள்முள்ளாக ஒரு ஜூனிபர் புதர் அடர்ந்து நிற்கும். இத்தாலியில் ஜூனிபருக்கு ஜினேப்ரோ. அவள் பெயரைப் புதராகவே வரைந்து வைத்துவிட்டார். வெளிறிய முகம், அந்த இருட்டுப் பச்சை; படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சரி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வால் பக்கத்தில், இந்த ராணியின் பெயரை ஊர்மக்கள் ஜெனிஃபர் என்று சொன்னார்கள். கார்னிஷ் மொழியே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்திலிருந்து போய்விட்டது. பெயர் மட்டும் தங்கியது. லண்டன்காரனுக்கு அது காதில் விழாத நாட்டுப்புறப் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் டென்னிசன் ஆர்தர் கதைகளைக் கவிதையாக எழுதினார். அதிலிருந்து எனிட், எலெய்ன், விவியன் எல்லாம் இங்கிலாந்து வீடுகளுக்குள் வந்துவிட்டன. கதைக்கே ராணியான கினிவியரை மட்டும் அந்த அளவுக்கு யாரும் சீண்டவில்லை. காரணம் தெரிந்ததுதான். ஆர்தரின் வீரன் லான்ஸ்லாட்டோடு அவளுக்கிருந்த காதலால் ராஜ்யமே சரிந்தது என்பது கதை. நம் ஊரில் மகளுக்கு அகலிகை என்று யார் பெயர் வைக்கிறார்கள்? ஆனால் அதே ராணி கார்ன்வால் சேலை கட்டி ஜெனிஃபராக வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பழியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அவளை லண்டனுக்கு அழைத்து வந்தவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. 1906இல் மேடையேறிய 'தி டாக்டர்ஸ் டைலமா' நாடகத்தில் கதாநாயகி ஜெனிஃபர் டூபெடட். காசநோய் பிடித்த ஓவியக் கணவனைக் காப்பாற்றச் சொல்லி டாக்டரிடம் வருகிறாள். டாக்டரால் இன்னும் ஒரே ஒரு நோயாளியைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். ஓவியன் மகா திறமைசாலி, மகா அயோக்கியன். இன்னொரு பக்கம் திறமை இல்லாத நல்லவர் ஒருவர் காத்திருக்கிறார். அந்த டாக்டருக்கோ ஓவியனின் மனைவிமேல் ஒரு கண். அவளுடைய பெயர் பேச்சில் வரும்போது, கார்ன்வாலில் இது சாதாரணப் பெயர்தான், நீங்கள் கினிவியர் என்று சொல்வதுதான் இது என்று அவளே விளக்குவாள். அப்படியென்றால் 1906இல் லண்டன் பார்வையாளருக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியிருந்தது என்றுதானே அர்த்தம்!

தோழர் வேலு | ஞாயிறு, பிற்பகல் 1:05

டீச்சர், வணக்கம். ஒரு சந்தேகம். 1906 வரை லண்டனுக்கே தெரியாத பெயர் என்கிறீர்கள். மார்க்ஸின் துணைவியார் ஜென்னி பிறந்ததே 1814இல் ஆயிற்றே? பெண்பிள்ளைகளுக்கும் வரிசையாக ஜென்னி கரோலின், ஜென்னி லாரா, ஜென்னி ஜூலியா எலினார் என்றுதானே வைத்தார்கள்? நம் பக்கத் தோழர்கள் வீட்டில்கூட ஜென்னி உண்டு, அது தேவாலயம் வழியாக வந்த பெயர் அல்ல.

செல்வி டீச்சர் | ஞாயிறு, பிற்பகல் 1:48

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தோழர். அந்த ஜென்னிக்கும் ஜெனிஃபருக்கும் பிறப்பில் சம்பந்தமே கிடையாது. ஜென்னி என்பது பழைய காலத்திலிருந்து ஜேன், ஜேனட் போன்ற பெயர்களின் செல்லப்பெயர். மார்க்ஸின் ஜென்னிக்கு முழுப்பெயர் யோஹன்னா பெர்த்தா ஜூலி ஜென்னி. 'ஸ்வீடன் குயில்' என்று பேரெடுத்த பாடகி ஜென்னி லிண்டும் யோஹன்னாதான். 1760களில் வந்த நூற்பு இயந்திரத்துக்கு 'ஸ்பின்னிங் ஜென்னி' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் தொழிற்புரட்சிப் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அப்போதெல்லாம் கார்ன்வாலுக்கு வெளியே ஜெனிஃபர் கிடையாது.

ஆனால் ஜெனிஃபர் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. பெயர் புதிது, கூப்பிடும் பெயர் பழையது. அம்மாவுக்குப் புதுமை, பாட்டிக்குப் பழகிய ஜென்னி. இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். பாரிஸ் நகரத்தின் பாதுகாவலியான புனித ஜெனவீவ் வேறு பெயர். ஜாடை ஒன்றுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

வல்வை மேரி | ஞாயிறு, மாலை 6:30

லண்டனில் இருந்து எழுதுறன். எங்கட ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தாதிமாரில் ஜெனிஃபர்கள் கனபேர். எல்லாரும் எழுபது, எண்பது வயதுக்காரர். அதனால் எனக்கு ஜெனிஃபர் என்றால் நினைவுக்கு வாறது கம்பளிச் சட்டையும் கையில் தேநீர்க் கோப்பையுமாக ஒரு அம்மம்மா. அமெரிக்காவில் அது நடிகை வயதுப் பெயர் என்று நீங்கள் சொல்லும்போது விசித்திரமாக இருக்கு.

ஒரு நாட்டில் முந்தி, மற்ற நாட்டில் பிந்தி. இங்கே 1930களிலேயே இந்தப் பெயர் எடுபட்டுவிட்டது. கிழக்கு லண்டன் மருத்துவத் தாதி வாழ்க்கையை எழுதிய ஜெனிஃபர் வொர்த் பிறந்தது 1935. அந்த வருடம் அமெரிக்காவின் முதல் ஆயிரத்திலேயே பெயர் இல்லை என்று மேலே ஒருவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். அப்ப அந்தப் படம் இங்கிலாந்தில் வைச்ச பெயருக்கு எப்படிக் காரணமாகும்? கொட்டாரத்தார் பதில் சொல்ல வேணும்.

கொட்டாரத்தான் | ஞாயிறு, இரவு 8:10

அக்கா, நான் தலைப்பிலேயே அமெரிக்கா என்று போட்டிருக்கிறேன். இங்கிலாந்துக்கு ஷாவை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சினிமா வேண்டாம் என்றால் இன்னொரு சினிமாக்காரியைத் தருகிறேன். ஜெனிஃபர் ஜோன்ஸ். ஓக்லஹோமாவில் பிறந்த ஃபிலிஸ் ஐஸ்லி என்ற பெண்ணுக்குத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் வைத்த திரைப்பெயர் அது. லூர்து மாதா காட்சி தந்த பெர்னதெத்தாக நடித்து, 1944 மார்ச் 2இல், தன்னுடைய 25ஆவது பிறந்தநாள் அன்றே, ஆஸ்கர் வாங்கினார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு லூர்து மேரி உண்டு, அதனால் இந்தப் படம் பற்றி பாட்டிமாருக்கும் தெரியும். 40களில் பெயர் ஏறியதற்கு இவர் காரணம் இல்லை என்று கணக்கண்ணா சொல்லட்டும் பார்ப்போம்.

எண்கணக்கன் | ஞாயிறு, இரவு 9:25

இதை மறுக்க மாட்டேன், முழுதாக ஏற்கவும் மாட்டேன். 1938இல் பெயர் பட்டியலுக்குள் வந்தபோது அவர் இன்னும் ஃபிலிஸ்தான். ஆனால் அமெரிக்கர் பெரும்பாலோர் அந்தப் பெயரை முதன்முதலில் எழுத்தாகப் பார்த்தது அவர் படச் சுவரொட்டியில் என்று சொன்னால் நம்புவேன். கவனியுங்கள், செல்ஸ்னிக் ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்? புதிதாக, ஸ்டைலாக, கொஞ்சம் இங்கிலாந்து வாடையோடு காதில் விழுந்ததால்தான் என்பது என் ஊகம். பெயர் வைக்கும் பெற்றோருக்கு எந்தக் காதோ, அதே காதுதான் தயாரிப்பாளருக்கும், நாவல் எழுதியவருக்கும். 1969இல் ஒருவர் உட்கார்ந்து அன்றைய கல்லூரிப் பெண்ணுக்குப் பெயர் தேடுகிறார். அப்போது காற்றில் இருந்த பெயர் ஜெனிஃபர்.

ஹார்வர்டில் இருந்த ஸ்டான்லி லீபர்சன் என்ற சமூகவியலாளர் பெயர் நாகரிகத்தையே ஆராய்ந்தவர். அவருடைய வாதமும் கிட்டத்தட்ட இதுதான்: வெளியே இருந்து ஒரு படமோ பிரபலமோ வந்து ரசனையை உருவாக்குவது குறைவு. ரசனை உள்ளுக்குள்ளேயே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கும், அந்தத் திசையில் நிற்கும் பிரபலம் காற்றை வாங்கிக்கொள்ளும். திசைக்கு எதிரே நிற்கும் பிரபலம் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தப் பெயர் எடுபடாது.

ஒலியைக் கேட்டுப் பாருங்கள். லிண்டா, லிசா எல்லாம் 'ஆ'வில் முடியும். மேரி, நான்சி, கிம்பர்லி எல்லாம் 'ஈ'யில். ஜெனிஃபர் 'அர்' என்று இறங்குகிறது. அதே 70களில் ஹெதர் என்ற பெயரும் முதல் பத்துக்குள் வந்தது. அப்புறம் ஆம்பர் வந்தது. அந்த முடிவே புதுசாக ருசித்திருக்கிறது. முன்னால் ஜெ. அந்த எழுத்தின் மவுசு எப்படி என்றால், ஜெனிஃபரை 1985இல் கீழே இறக்கியதே ஜெசிகாதான்.

செல்வி டீச்சர் | ஞாயிறு, இரவு 9:50

ஜெசிகா ஷேக்ஸ்பியர் சரக்கு. ஷைலாக்கின் மகள். அதையும் எங்கள் கடையில்தான் வாங்கினார்கள் என்று பதிவு செய்துகொள்ளவும்.

கொட்டாரத்தான் | திங்கள், காலை 6:55

லீபர்சன் ஐயா பெரிய ஆள், கும்பிட்டுக்கொள்கிறேன். லிண்டாவுக்கு என்ன சொல்வார்? ஜாக் லாரன்ஸ் என்ற பாடலாசிரியர் தன் வக்கீலின் மகளுக்காக 'லிண்டா' என்று ஒரு பாட்டு எழுதினார். அந்தச் சிறுமி பிற்காலத்தில் பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியின் மனைவி. பாட்டு 1947இல் ரேடியோவில் பட்டையைக் கிளப்பியது. அந்த வருடமே, அதுவரை 1880 முதல் அசையாமல் இருந்த மேரியைத் தள்ளிவிட்டு லிண்டா முதலிடத்துக்கு வந்தது. மேரியையே அசைத்திருக்கிறது ஒரு பாட்டு! அப்படியிருக்க ஒரு நாவலும் படமும் சேர்ந்து ஜெனிஃபரை அசைக்க முடியாதா?

எண்கணக்கன் | திங்கள், காலை 9:30

லிண்டா உங்கள் கையில் இருப்பதிலேயே நல்ல சீட்டு. ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஜெனிஃபர் வழக்கு இன்னும் பலவீனமாகத் தெரிகிறது.

1946இல் லிண்டாக்கள் 52 ஆயிரம் பேர் போல. 1947இல் 99 ஆயிரத்துக்கு மேல். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. போர் முடிந்து அந்த வருடம் பிரசவங்கள் கூடின என்று கழித்துக்கொண்டாலும் அது பெரிய எகிறல். வெளியிலிருந்து ஒரு தள்ளு விழுந்தால் கணக்கில் இப்படித்தான் தெரியும், சுவர் ஏறிய மாதிரி.

இப்போது ஜெனிஃபர். 1969இல் 33 ஆயிரம் சொச்சம், 1970இல் 46 ஆயிரம், 1971இல் 56 ஆயிரம் சொச்சம், 1972இல் 63 ஆயிரம் சொச்சம். படம் ஓடிய வருடம் 1971. அந்த வருடத்தில் கூடியது சுமார் 10 ஆயிரம். அதற்கு முந்தைய வருடத்தில் கூடியது 12 ஆயிரத்துக்கு மேல். படம் வந்தபிறகு வேகம் கூடியிருக்க வேண்டாமா? எங்கே சுவர்? படிப்படியாக ஏறும் பாதைதான் இருக்கிறது.

உங்களுக்குச் சாதகமாக ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். 1970க்குப் பிறகு அமெரிக்காவில் மொத்தப் பிரசவங்கள் வேகமாகக் குறைந்தன. 1970இல் 37 லட்சத்துக்கு மேல் இருந்தது 1972இல் 33 லட்சத்துக்கும் கீழே. பிள்ளைகள் குறையும்போதும் ஜெனிஃபர்கள் கூடுகிறார்கள் என்றால் பங்கு நன்றாகவே ஏறியிருக்கிறது. 70களின் முதல் பாதியில் 100 பெண் குழந்தைகளில் 4 பேர் ஜெனிஃபர். படம் அந்தப் பெயரைக் கொஞ்ச நாள் கூடுதலாக உச்சியில் பிடித்து வைத்தது என்று வேண்டுமானால் வாதாடுங்கள். பெற்றது அது இல்லை.

கொட்டாரத்தான் | திங்கள், காலை 9:41

"வளர்த்தது" என்று எழுதிக்கொள்கிறேன். பெற்றவளைவிட வளர்த்தவளுக்குத்தான் பாசம் அதிகம்.

பாளை பீட்டர் | திங்கள், காலை 10:10

நடுவர் தீர்ப்பு: சித்தப்பா தோற்றார். மற்றவர்கள் தொடரலாம்.

ஆஸ்டின் அம்மா | திங்கள், இரவு 7:20

இந்த இழையை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் இருக்கிறேன். என் டீமில் ஜெனிஃபர் இரண்டு பேர், மேலே ஒரு டைரக்டர் ஜெனிஃபர், சம்பளப் பிரிவில் ஒருத்தி. யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. ஜென், ஜென்னி, ஜென் பி., இன்னொருத்தி ஜே. மீட்டிங்கில் யாராவது "ஜென்" என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பும். ஜென் பி. சொல்வாள், அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை எல்லா நோட்டுப்புத்தகத்திலும் அந்த 'பி'யைச் சேர்த்தே எழுதுவாளாம். கல்யாணமாகிக் குடும்பப்பெயர் மாறியும் ஆபீசில் அந்த 'பி' போகவில்லை.

சினிமாவில் இருக்கும் ஜெனிஃபர்களைப் பாருங்கள். லோப்பஸ், அனிஸ்டன் இருவரும் 1969. கானெலி 1970. கார்னர் 1972. டென்னிஸில் கேப்ரியாட்டி 1976. கிரிஸ்பர் என்ற மரபணு திருத்தும் முறைக்காக 2020இல் வேதியியல் நோபல் வாங்கிய டவுட்னா மட்டும் கொஞ்சம் முந்தி, 1964. பெயரைச் சொன்னாலே பிறந்த வருடத்தை ஊகித்துவிடலாம். லாரன்ஸ் 1990இல் பிறந்தவர், அந்த வரிசையின் வால்பகுதி.

அதுதான் பெயர் விழுந்ததற்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் தன்னோடு மூன்று ஜெனிஃபர் படித்த பெண், தன் மகளுக்கு எப்படி அதை வைப்பாள்? 1988இல் வந்த ஒரு பெயர்வழிகாட்டிப் புத்தகத்தின் தலைப்பே ஜெனிஃபர், ஜேசனைத் தாண்டி வாருங்கள் என்ற அர்த்தத்தில் இருக்கும். இப்போது அமெரிக்காவில் முதல் 300க்குள்கூட இந்தப் பெயர் இல்லை. என் மகள் வகுப்பில் ஒரு ஜெனிஃபர் கிடையாது. ஒலிவியாவும் எம்மாவும்தான். டீச்சரின் பெயர் ஜெனிஃபர்.

வல்வை மேரி | திங்கள், இரவு 8:05

கடைசி வரி சரியாகச் சொன்னீர்கள் பிள்ளை. அடுத்தது அவையள் அம்மம்மா ஆவினம்.

நாகர்கோவில் ஜெனி | திங்கள், இரவு 9:00

பெயர்க்காரி ஒருத்தி இருக்கிறேன், என்னையும் கேளுங்கள். நான் 1991இல் பிறந்தேன். அமெரிக்காவில் ஜெனிஃபர் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் மாவட்டத்திலும் தூத்துக்குடி பக்கமும் நன்றாக ஏறியது. என் வகுப்பில் ஜெனிஃபர், ஜெனிட்டா, ஜெனிஷா, ஜெர்லின் என்று ஒரு வரிசையே உண்டு. வருகைப்பதிவு எடுக்கும்போது டீச்சர் மூச்சு வாங்குவார். கொட்டாரத்தான் அண்ணன் சொல்லும் படத்தை என் அம்மா பார்த்ததில்லை, அப்படி ஒரு படம் இருப்பதும் தெரியாது. அக்கம்பக்கத்தில் ஜெ வரிசை ஓடியது, அதில் ஒன்றை எடுத்தார்கள். ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர் வேண்டும் என்பதால் பின்னால் ஒரு மேரி.

டீச்சரிடம் ஒரு கேள்வி. என் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'என்' போட்டிருக்கிறது. பாஸ்போர்ட் எடுக்கும்போது, விமான டிக்கெட் போடும்போது எல்லாம் ஏஜெண்டுகள் இரண்டு 'என்' போட்டுத் தொலைத்துவிடுகிறார்கள். தப்பாக எழுதிவிட்டார்கள் என்று இத்தனை நாள் அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அது தப்பா?

செல்வி டீச்சர் | திங்கள், இரவு 9:22

அப்பாவை விட்டுவிடும்மா. கார்ன்வாலில் பழைய காலத்தில் ஒற்றை 'என்' போட்டே நிறைய எழுதியிருக்கிறார்கள். கன்னியாகுமரியில் யாரும் கார்ன்வாலைப் பார்த்து எழுதவில்லை, காதில் விழுந்ததை எழுதினார்கள். அங்கேயும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

எண்கணக்கன் | திங்கள், இரவு 9:40

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. அமெரிக்கப் பட்டியலில் ஒற்றை 'என்' தனிப்பெயர், இரட்டை 'என்' தனிப்பெயர். 'ஜி'யில் தொடங்குவது இன்னொன்று. எழுத்து மாறினால் வேறு பெயர் என்றே எண்ணுகிறார்கள். ஆக நான் மேலே கொடுத்த எண்கள் இரட்டை 'என்' மட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் ஜெனிஃபர்கள் இன்னும் கூடுவார்கள்.

தங்கை சொன்னதில் இன்னொன்று கவனியுங்கள். படமே பார்க்காத ஊரில், பாதி ஒலிக்காக மட்டும் ஒரு பெயர் வரிசை கட்டி ஓடியிருக்கிறது. லீபர்சன் நாகர்கோவிலுக்கு வந்திருக்க வேண்டும்.

கொட்டாரத்தான் | திங்கள், இரவு 10:02

ஆஸ்டின் அக்கா, ஒரு உதவி. உங்கள் ஆபீஸ் ஜெனிஃபர்களில் 71, 72இல் பிறந்தவர் யாராவது இருந்தால், அம்மா எதைப் பார்த்து வைத்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரே ஒரு அம்மா 'லவ் ஸ்டோரி' என்று சொன்னால் போதும், நான் இழையை மூடிவிடுகிறேன்.

ஆஸ்டின் அம்மா | செவ்வாய், இரவு 8:15

கேட்டேன். டைரக்டர் 1972. அவருடைய அம்மா படத்தைப் பார்த்து அழுதது உண்மைதானாம். ஆனால் செத்துப்போகிற பெண்ணின் பெயரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா என்று அம்மா கேட்பாராம். அவருக்கு அது அத்தை மகளின் பெயர். அந்த அத்தை மகள் பிறந்தது 1958.

ஜென் பி. 1975. அவள் அம்மாவுக்குப் போன் போட்டே கேட்டுவிட்டாள். "உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒத்துப்போன ஒரே பெயர் அதுதான்" என்று பதில் வந்தது.

கொட்டாரத்தான் | செவ்வாய், இரவு 8:31

மாதிரி அளவு போதாது. சம்பளப் பிரிவு ஜெனிஃபரைக் கேட்டீர்களா?

ஆஸ்டின் அம்மா | செவ்வாய், இரவு 8:40

அவள் லீவில் இருக்கிறாள். திங்கட்கிழமை வருவாள்.